டிரமடால் இப்போது கேட்பதில்லை, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்குப் பல வருடமாக நரம்பு வலி. முன்பு 50 மி.கி. டிரமடால் (ஓபியாய்டு வகை வலி மாத்திரை) போட்டால் தூங்கிவிடுவார். இப்போது ஒரு நாளின் உச்ச அளவான 400 மி.கி.யைத் தொட்டாயிற்று, வலி அப்படியே இருக்கிறது. உடல் மருந்துக்குப் பழகிவிட்டது என்கிறார் டாக்டர். இந்த வகை மாத்திரையே சிலருக்கு வலி உணர்வைக் கூட்டிவிடுமாம். அம்மாவுக்குப் போர்வை பட்டாலே எரிகிறது, அதனால் எனக்கு அதுதான் சந்தேகம்.

சட்டென்று நிறுத்தக் கூடாது என்பது தெரியும். டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்தவர்கள் இருக்கிறீர்களா? இடையில் வலி ரொம்பக் கூடியதா? பிரீகாபலின் என்ற நரம்பு வலி மருந்துக்கு மாறியவர்களுக்குத் தலைசுற்றல் எப்படி இருந்தது? நரம்பு வலிக்கும் தரப்படும் மனச்சோர்வு மருந்தான டுலோக்செட்டினை டிரமடாலோடு சேர்ப்பது ஆபத்து என்பதால் அதையும் டாக்டரிடம் கேட்கப் போகிறேன்.

'கொஞ்சம் பொறுத்துக்கோங்க' மட்டும் வேண்டாம், ப்ளீஸ். அம்மா அதை நிறையக் கேட்டுவிட்டார்.