புதுப்பிப்பு: செந்தூல் வீட்டின் சரவுண்ட் ஒலி சீராகிவிட்டது

கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடி வீட்டில் 5.1 ஸ்பீக்கர் (சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்கென ஒரு சப்வூபர்) வைத்தும் வசனம் தெளிவாகக் கேட்கவில்லை, பின்னால் இடதுபுறம் மட்டும் காதைத் துளைக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று கோளாறுகள் பிடிபட்டன.

முதலாவது, மைக் வைத்து ஸ்பீக்கர்களின் ஒலியளவைக் கருவியே சரிசெய்யும் தானியங்கி அளவீடு. அதன்போது மின்விசிறி ஓடியிருக்கிறது. மைக்கும் சோபா மெத்தைமேல் கிடந்திருக்கிறது. இம்முறை விசிறியையும் ஏர்கோனையும் நிறுத்தி, மைக்கைக் காது உயரத்தில் முக்காலியில் பொருத்தினேன். நான் உட்காரும் இடத்திலிருந்து இடது பின் ஸ்பீக்கர் 1.2 மீட்டரில், வலது பின் ஸ்பீக்கர் 2.4 மீட்டரில். தூரம் இரட்டிப்பானால் திறந்தவெளியில் ஒலியளவு 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்புவதால் எனக்கு 4 டெசிபல் வித்தியாசம் வந்தது. சோதனை ஒலியை ஓடவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் 75 டெசிபலுக்குக் கொண்டுவந்தேன்.

அடுத்தது கம்பி. இங்கே வழிகாட்டிய ஓர் அண்ணன் சொன்னபடி ஒவ்வொரு முனையாகப் பார்த்தேன். முன் வலது ஸ்பீக்கரில் சிவப்புக் கம்பி கறுப்பு முனையில் செருகப்பட்டிருந்தது! இரண்டு முன் ஸ்பீக்கர்களும் எதிரெதிராக அசைந்து, ஒன்றின் தாழ்ந்த ஒலியை மற்றொன்று அழித்திருக்கிறது. மாற்றியதும் பாட்டில் மிருதங்கம் உடலோடு எழுந்தது. அந்த நிமிடத்தை மறக்கமாட்டேன்.

மூன்றாவது, வசனம் ஒலிக்கும் நடு ஸ்பீக்கர். அது அலமாரிக்குள் ஆழமாக இருந்தது. விளிம்புவரை இழுத்து, அடியில் ரப்பர் துண்டு வைத்துச் சற்று நிமிர்த்தினேன். வசனம் தெளிந்துவிட்டது. மூலையிலுள்ள சப்வூபர் இன்னும் சற்று முழங்குகிறது. இந்த வாரம் அதை நகர்த்திப் பார்க்கப் போகிறேன்.