சுள்ளியில் செய்த ஆந்தை உளுத்துப்போகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
கீழே விழுந்த சுள்ளி, உரிந்த பட்டை, காய்ந்த நெற்று, இவ்வளவுதான் என் சிற்பங்களுக்குப் பொருள். மரத்தில் இருக்கும் கிளையில் கைவைப்பதில்லை. இப்போது ஓர் ஆந்தை செய்துகொண்டிருக்கிறேன். இறக்கைக்குப் பட்டையை அடுக்கடுக்காகக் கட்டியதில், சுருண்ட ஓரங்கள் இறகாகவே அமைந்துவிட்டன. ஆனால் காலுக்கு வைத்த கிளையில் சின்னச் சின்ன ஓட்டைகள். அடியில் மாவு மாதிரி தூள் கொட்டிக் கிடக்கிறது. வார்னிஷ் அடித்தால் நின்றுவிடுமா? பட்டையின் மங்கல் நிறம் போய்விடுமோ என்றும் தயக்கம்.

பதில் 1:
வார்னிஷ் வேண்டாம். அது மேலோடு நின்றுவிடும், புழு இருப்பது உள்ளே. ஓட்டை என்பது வண்டு வெளியேறிய வழி. மிச்சப் புழுக்கள் இன்னும் தின்றுகொண்டிருக்கும். ஆந்தையை அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை எடுத்து, வாயை ஒட்டி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள். அருங்காட்சியகங்களிலும் மரப்பொருள்களுக்கு இப்படிச் செய்வதுண்டு. வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடாதீர்கள், ஒரு நாள் போகட்டும். குளிர்ந்த மரத்தில் நீர் கோத்தால் பட்டை ஊறிப்போகும்.

அப்புறம், கட்டு. ஈரக்கிளை காயும்போது நீளத்தில் அவ்வளவாகக் குறையாது, குறுக்கேதான் சுருங்கும். எவ்வளவு இறுக்கினாலும் தளரும், அதனால் நன்றாகக் காய்ந்ததை மட்டும் கட்டுங்கள். இரும்புக் கம்பி கூடாது. ஈரம் பட்டால் பட்டையிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கறுப்புக் கறை விடும். செம்புக் கம்பி நல்லது.

பதில் 2:
எனக்கென்னவோ அதை அதன் போக்கில் விடலாம் என்றே தோன்றுகிறது. ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தி என்ற பிரிட்டிஷ் சிற்பி இலைகளை முள்ளால் தைப்பார், பனிக்கட்டித் துண்டுகளை உறையவைத்தே ஒட்டுவார். பலவும் சீக்கிரமே கலைந்துபோகும், மிஞ்சுவது புகைப்படம்தான். மண்ணிலிருந்து பொறுக்கியது மண்ணுக்குப் போவதில் குறை என்ன?

கேட்டவர்:
மற்றவற்றை அப்படி விட்டிருக்கிறேன். இந்த ஆந்தையை விட மனமில்லை.

பதில் 3:
டெபோரா பட்டர்ஃபீல்ட் என்ற அமெரிக்கச் சிற்பி கிளைகளால் குதிரை செய்து, ஒவ்வொரு கிளையையும் வெண்கலத்தில் வார்த்துவிடுவார். அசல் கிளை வார்ப்பில் எரிந்துபோகும். உங்களுக்கு அந்தப் பட்டையே வேண்டும் என்றால், ஃப்ரீசர்தான் சரி.

கேட்டவர்:
சரி. கண்ணுக்கு வைத்த நெற்றையும் சேர்த்தே வைக்கலாமா?

பதில் 1:
தாராளமாக. உள்ளே விதை இருந்தால் அதிலும் வண்டு இருக்கக்கூடும், கழற்றாமல் வையுங்கள்.