பிலானஸ்பர்க்கில் காலை உணவு: முதலில் சாப்பாடா, விலங்குகளா?

கேள்வி

தென்னாப்பிரிக்காவின் ரஸ்டன்பர்க் நகரில் பணிபுரிகிறேன். அலுவலக வேலையாகச் சென்னையிலிருந்து வந்திருக்கும் என் கல்லூரி நண்பர் இந்த ஜூலை மாத இறுதியில் என் வீட்டில் ஓர் இரவு தங்குகிறார். மறுநாள் மாலையே அவர் விமானம் ஏற வேண்டும் என்பதால் காலைப்பொழுது மட்டுமே எங்கள் கையில் இருக்கிறது. பக்கத்திலுள்ள பிலானஸ்பர்க் சரணாலயத்துக்குப் போய், காலை உணவையும் அங்கேயே முடித்துக்கொண்டு, மதியத்துக்குள் திரும்பலாம் என்று எண்ணியிருக்கிறோம். சரணாலயத்தின் நடுவே உள்ள உணவகத்தில் சாப்பிட்டுவிட்டுச் சுற்றுவது நல்லதா, வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவது நல்லதா? என்னிடம் இருப்பது சிறிய கார். யானை அருகில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று நண்பர் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்.

பதில் 1

சாப்பாட்டை ஒன்பது மணிக்குத் தள்ளிவையுங்கள். ஜூலை இங்கே குளிர்காலம். அப்போது வாயிற்கதவு சற்றுத் தாமதமாகத்தான் திறக்கும் என்றாலும், திறந்தவுடன் உள்ளே நுழைபவருக்கே சிங்கமும் சிறுத்தையும் கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். வெயில் ஏறியபின் அவை புதருக்குள் படுத்துவிடும். ரஸ்டன்பர்க்கிலிருந்து வருபவருக்குத் தெற்கே உள்ள பக்குபங் வாயிலே வசதி. அங்கிருந்து மணிக்கு 40 கிலோமீட்டர் என்ற வேக வரம்புக்கும் கீழாகவே மெல்லச் சென்றால், நடுவிலுள்ள உணவகத்தை நெருங்கும்போது நல்ல பசி எடுத்திருக்கும். ஒரு காலத்தில் நீதிமன்றமாக இருந்த கட்டடம் அது. அதன் திறந்த முற்றத்தில் அமர்ந்தால் எதிரே உள்ள நீர்நிலைக்கு வரும் வரிக்குதிரைகளையும் காட்டுப்பன்றிகளையும் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். முக்கியச் சாலைகளுக்குச் சிறிய காரே போதும்.

பதில் 2

நேரம் குறித்து மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் உணவகத்தை நோக்கி ஓட்டிக்கொண்டே இருப்பதை ஏற்க முடியவில்லை. முதன்முறை வருபவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதாவது கிடைக்காதா என்று அலைந்து, கடைசியில் பிற கார்களின் பின்புறத்தையே அதிகம் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஜூலையில் மழை இல்லை, புல் வாடித் தாழ்ந்துவிட்டது, சிறு குட்டைகள் வற்றிவிட்டன. விலங்குகள் தண்ணீரைத் தேடி வந்தே ஆக வேண்டும். எனவே மங்குவே அணைக்கட்டின் ஓரத்தில் உள்ள மறைவுக் குடிலில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். வேலியிட்ட நடைபாதை வழியாகத்தான் அதற்குள் போக வேண்டும் என்பதால் அச்சமில்லை. நீர்யானையின் காதுகளும் மூக்கும் மட்டும் நீருக்கு மேல் தெரிவதையும், மீன்பிடிக் கழுகு பட்ட மரத்தில் காத்திருப்பதையும் காரில் ஓடிக்கொண்டே பார்க்க முடியாது. கம்பளியும் ஃபிளாஸ்க்கில் சூடான காப்பியும் கட்டாயம். விடியற்காலைக் குளிர் விரலை மரக்கச் செய்துவிடும்.

அந்த மலைகள் 100 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய எரிமலையின் எச்சம் என்பதையும், 1979-இல் சரணாலயம் தொடங்கியபோது வேளாண் நிலங்களாக இருந்த இப்பகுதிக்கு விலங்குகளை வெளியிலிருந்துதான் கொண்டுவந்து விட்டார்கள் என்பதையும் நண்பரிடம் சொல்லுங்கள்.

பதில் 3

யானையைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. இங்கே கொண்டுவரப்பட்ட யானைகள் குறித்து ஒரு வரலாறு உண்டு. தென்னாப்பிரிக்காவின் மற்றொரு சரணாலயமான குரூகர் பூங்காவில் தாயை இழந்த குட்டிகளாக இங்கு வந்த ஆண் யானைகள், மூத்த களிறுகளின் கட்டுப்பாடு இல்லாமல் வளர்ந்து, இளம் வயதிலேயே மதம் கொண்டு, 1992 முதல் 1997 வரை நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. குரூகரிலிருந்து ஆறு மூத்த களிறுகளைக் கொண்டுவந்து விட்டபின் அது அடங்கியது. ஆக, இன்று உங்கள் நண்பர் அஞ்ச வேண்டியது யானையைவிட, அதை நெருங்க நினைக்கும் ஓட்டுநரைத்தான்.

கன்னத்தில் நீர் வழிந்தால் மதம் என்று நாம் ஊரில் பழகியிருக்கிறோம். ஆப்பிரிக்க யானைகளில் பெண் யானைக்கும் கன்னம் கசியும் என்பதால் அதை மட்டும் நம்பிவிட வேண்டாம். சிறுநீர் சொட்டிப் பின்னங்கால்களின் உட்புறம் நனைந்திருக்கும் தனி ஆண் யானையைக் கண்டால் தொலைவிலேயே நின்று, மெல்லப் பின்வாங்குங்கள். காதுகளை விரித்துத் தலையை உயர்த்தி உங்களை நேராகப் பார்த்தாலும் அப்படியே. பாதையை மறித்து நிற்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள்.

கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டில் ஆரஞ்சு வேண்டாம். தெற்கே உள்ள அடோ யானைப் பூங்காவில் ஆரஞ்சு, எலுமிச்சை இனப் பழங்களுக்குத் தடையே இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கு யானைகளுக்கு ஆரஞ்சு போட்டுப் பழக்கியதன் விளைவு அது. எலுமிச்சைச் சாதத்தைப் பற்றி அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று நான் கேட்டுப் பார்க்கத் துணியவில்லை. இட்லி மிளகாய்ப்பொடியே எடுத்துப்போங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மறைவுக் குடிலுக்கு முதலில் போகிறோம். பொட்டலத்தை அங்கேயே பிரிக்கலாமா?

பதில் 2

காப்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றவர்கள் அமைதியாகப் பார்க்க வந்திருப்பார்கள். உணவு வாசனைக்குக் குரங்குகள் வரப் பழகினால் பிறகு யாருக்கும் நிம்மதி இருக்காது. இறங்கிச் சாப்பிட அனுமதிக்கப்பட்ட பிக்னிக் இடங்கள் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும், அங்கே பிரியுங்கள். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் இறங்குங்கள். பபூன் என்னும் பெரிய குரங்குகளுக்கு உள்ளே புகுந்து உணவைப் பறிக்க ஒரு நொடி போதும்.