தீர்த்தம் என்ற சொல்லின் வேர் எது?

கேள்வி (முள்ளியவளை):
வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் சிலாவத்தைக் கடலில் எடுக்கப்படும் நீரைத் தீர்த்தம் என்கிறோம். காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில்தான் விளக்கு எரிகிறது. வினை தீர்ப்பதால் அது தீர்த்தம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். மகளின் ஆசிரியரோ வடசொல் என்கிறார். 'தீர்' என்ற தமிழ் வினைக்கும் இதற்கும் தொடர்பே இல்லையா?

மறுமொழி (வவுனியா, தமிழாசிரியை):
ஆசிரியர் சொன்னது சரி, ஐயா. கடத்தல் என்னும் பொருளுடைய 'த்ரூ' என்ற வடமொழி வேரிலிருந்து பிறந்த இச்சொல், முதலில் ஆற்றில் இறங்கிக் கடக்கக்கூடிய துறையைக் குறித்து, பின்னர் நீராடும் துறையையும் யாத்திரைத் தலத்தையும் குறிக்கலாயிற்று. பிறவிக்கடலைக் கடக்கத் துறை அமைத்தவர்கள் என்பதாலேயே சமணர் தம் 24 அருகர்களைத் தீர்த்தங்கரர் என்பர். 'அவதாரம்' என்பதும் இவ்வேரிலிருந்து வந்ததே. தமிழிலோ இடப்பொருள் பின்தங்கி நீர்ப்பொருள் முன்வந்தது. பூசை முடிந்து ஐயர் கையில் வார்ப்பதும் நமக்குத் தீர்த்தம்தான்.

ஆனால் பெரியவர்களின் விளக்கத்தைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. திருவெம்பாவை, பிறவித் துயர் கெட நாம் ஆடும் 'தீர்த்தன்' என்று சிவனைப் பாடுகிறது. வேர் வடமொழியாயினும், துயர் தீர்தல் என்ற பொருளைத் தமிழ் அடியார்கள் அச்சொல்லில் நெடுங்காலமாக உணர்ந்து வந்திருக்கிறார்கள்.

மறுமொழி (மன்னார்):
பழைய துறைப்பொருள் எங்கள் பக்கத்து ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது. மாதோட்டத்தை மகாவம்சம் 'மகாதித்த' என்கிறது. தித்த என்பது தீர்த்த என்பதன் பாளி வடிவம். ஆகவே அது பெருந்துறை என்றே பொருள்படும், துறைமுகமாக விளங்கிய ஊருக்கு மிகப் பொருத்தமான பெயர். அவ்வூர்த் திருக்கேதீச்சரத்தைப் பாடிய சுந்தரர் பாலாவிக் கரையையும் குறிப்பிடுகிறார். இன்றும் சிவராத்திரியில் அடியார்கள் பாலாவித் தீர்த்தத்தை மொண்டு சென்று மகாலிங்கத்துக்கு வார்க்கிறார்கள். எங்கள் கத்தோலிக்க உறவினரும் குருவானவர் ஆசீர்வதித்த நீரைத் தீர்த்தம் என்றே சொல்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் சிலாவத்தையில் தீர்த்தம் எடுக்கும் இடத்தைத் 'தீர்த்தக்கரை' என்பது எவ்வாறு?

தமிழாசிரியை:
தீர்த்தம் நீரைக் குறித்து நிலைபெற்றுவிட்டதால், ஐயா, இடத்தைச் சுட்டக் 'கரை' என்ற தமிழ்ச்சொல் தேவைப்பட்டது. தீர்த்தக்கேணி என்பதும் அவ்வாறு அமைந்ததே.