சிரிஞ்சு பம்ப் ஓட்டம் சீராக இல்லை: உதவி தேவை

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் அருகே தோட்டத்து வீட்டிலிருந்து எழுதுகிறேன். உயிர்மருத்துவப் பொறியியல், மூன்றாம் ஆண்டு. அயர்லாந்தின் கால்வே நகரில் ஒரு மருத்துவக் கருவி நிறுவனத்தில் பயிற்சி கிடைத்திருக்கிறது. மூன்று வாரத்தில் கிளம்ப வேண்டும். அதற்குள் நான் செய்த சிரிஞ்சு பம்பின் (சிரிஞ்சிலுள்ள மருந்தை மெதுவாகத் தள்ளிச் செலுத்தும் கருவி) சோதனை முடிவுகளைக் கேட்டிருக்கிறார்கள்.

மணிக்கு 5 மி.லி. வைத்தால் ஓட்டம் ஏறி ஏறி இறங்குகிறது. படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார், ஒரு சுற்றுக்கு பிஸ்டனை 2 மி.மீ. நகர்த்தும் திருகுத் தண்டு, இரண்டையும் இணைக்கும் நெகிழ் கப்ளிங். வெளிவரும் நீரை 0.001 கிராம் காட்டும் தராசில் நிறுக்கிறேன். இங்குள்ள வெயிலுக்கு நீர் ஆவியாகிவிடும் என்பதால் மேலே சமையல் எண்ணெய்ப் படலம் விட்டேன். குமிழ்களை நீக்கினேன், சிரிஞ்சை மாற்றினேன். 20 மி.லி. சிரிஞ்சில் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 7 நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது, 10 மி.லி. சிரிஞ்சில் 4 நிமிடம். கணக்குப் போட்டால் இரண்டுமே தண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்ற ஆகும் நேரம்! ஆகவே பிஸ்டன் ரப்பர் ஒட்டுவது காரணமல்ல என்று உறுதியாக நம்புகிறேன். கப்ளிங்கை இருமுறை கழற்றி இறுக்கியும் மாற்றமில்லை. ஈப்போ வரை போய்த் தேடியும் மாற்றுத் தண்டு கிடைக்கவில்லை.

இரத்த அழுத்த மருந்து இப்படி ஏறி இறங்கினால் நோயாளி தாங்கமாட்டார். சராசரி சரியாக இருக்கிறது என்று எழுதி அனுப்ப எனக்கு மனமில்லை.

டயல் கேஜ் (மிகச் சிறிய விலகலையும் அளக்கும் முள் கருவி) இல்லாமல், தண்டு வளைந்திருக்கிறதா, கப்ளிங்கின் மையம் விலகியிருக்கிறதா என்பதை வீட்டிலேயே எப்படிப் பிரித்து அறிவது?