பற்றுக் கருவிக்கான காப்புரிமை: "கோரிக்கை தெளிவாக இல்லை" என்று ஆட்சேபம். எப்படித் திருத்துவது?

உடுமலைப் பட்டறை

வணக்கம். நூற்பாலைகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு பட்டறை எங்களுடையது. நூலைக் கோன்களாகச் சுற்றும் ஆட்டோகோனர் இயந்திரத்திலிருந்து இறங்கும் நூல் கோன்களை நாள் முழுக்கக் கையால் தூக்கி அடுக்குகிறவர்களுக்கு மணிக்கட்டு வீங்கிவிடுகிறது. ஒரு கோன் 1.89 கிலோதான், ஆனால் நூலில் விரல் படாமல் தூக்க வேண்டும் என்பதால் பிடிப்பு கோணலாகிவிடுகிறது. கோனின் மேல்வாய் வழியாக உள்ளே விட்டு, உட்புறக் காகிதக் கூட்டைப் பற்றித் தூக்கும் கைக்கருவி ஒன்றைச் செய்தோம். முகவர் வைக்காமல் நானே சென்னை அலுவலகத்தில் விண்ணப்பித்தேன். இப்போது முதல் ஆய்வறிக்கை வந்திருக்கிறது.

தாக்கல் செய்தது ஆங்கிலத்தில். எதற்கு உரிமை கேட்கிறோம் என்று எல்லை வகுக்கும் வாக்கியம்தான் கோரிக்கை. முதல் கோரிக்கையின் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

"நூல் கோன்களைத் தூக்குவதற்கான பற்றுக் கருவி, அதில் ஓர் உடல், உடலில் பொருத்தப்பட்ட பல விரல்கள், தேவைக்கேற்ப அவ்விரல்களை ஏறக்குறைய வெளிப்புறமாக விரிக்கும் தகுந்த விரிப்பு அமைப்பு ஆகியவை உள்ளன, விரல்களின் சாய்வு கோனின் சாய்வுக்கு ஏற்றதாக இருக்கும், அதனால் கோன் சேதமின்றி உறுதியாகப் பற்றப்படும்."

மூன்றாம் கோரிக்கை: "அந்த நெம்புகோல் கைப்பிடிக்கு அருகில் இருக்கும், கோரிக்கை 1-இல் உள்ள கருவி."

ஆய்வாளர் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 10(5)-ஐக் காட்டி, "தேவைக்கேற்ப", "ஏறக்குறைய", "தகுந்த", "உறுதியாக" ஆகியவை கோரிக்கையின் எல்லையைத் தெளிவற்றதாக்குகின்றன என்கிறார். எந்த நெம்புகோல் என்று தெரியவில்லை என்கிறார். ஒரே உறுப்பு ஓரிடத்தில் "வளையம்", இன்னோரிடத்தில் "தடுப்பான்" என்று வருகிறதாம். புதுமை இல்லை என்று தனியாக ஓர் ஆட்சேபமும் இருக்கிறது. குழாய்களை உட்புறமாகப் பிடித்துத் தூக்கும் ஒரு பழைய கருவியை மேற்கோள் காட்டியிருக்கிறார். அதற்குப் பதில் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். வேலையும் வேறு, பொருளும் வேறு.

அந்த நான்கு சொற்களையும் எடுத்துவிட்டால் போதுமா?

வரைவு மேசை

போதாது. அந்த நான்கு சொற்களையும் அடித்துவிட்டு மிச்சத்தைப் படித்துப் பாருங்கள்: ஓர் உடல், பல விரல்கள், விரல்களை விரிக்கும் ஓர் அமைப்பு. உலகில் உள்ளே விரிந்து பற்றும் எல்லாக் கருவியும் அதற்குள் வந்துவிடும். ஆய்வாளர் குழாய்க் கருவியைக் கொண்டுவந்ததும் அதனால்தான். "நூல் கோன்களைத் தூக்குவதற்கான" என்று நீங்கள் எழுதியிருப்பதைக் கோன்களைத் தூக்கப் பயன்படக்கூடிய கருவி என்றே வாசிப்பார்கள். அளவு பொருந்தினால் குழாய்க் கருவியும் கோனைத் தூக்கும். "வேலை வேறு" என்ற பதில் அங்கே எடுபடாது. உங்களுக்கு வந்த இரண்டு ஆட்சேபங்களுக்கும் வேர் ஒன்றுதான். தனித்தனியாகப் பதில் எழுதப் போகாதீர்கள்.

"சேதமின்றி உறுதியாகப் பற்றப்படும்" என்பது பலன். கோனை எது பற்றுகிறது, சேதத்தை எது தடுக்கிறது என்று ஒரு வார்த்தை கூட முதல் கோரிக்கையில் இல்லை. கருவிக்குள் அதைச் செய்யும் உறுப்பு ஒன்று கட்டாயம் இருக்கும். பலனை எடுத்துவிட்டு அந்த உறுப்பைப் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

ஆகவே மூன்று விஷயங்கள் சொல்லுங்கள். விரல்களை விரிப்பது எது? காகிதம் கிழியாமல் இருப்பது எதனால்? நெம்புகோல் விவரக்குறிப்பில், அதாவது கருவியை விவரித்து நீங்கள் தாக்கல் செய்த ஆவணத்தில், எங்காவது இருக்கிறதா, அல்லது கோரிக்கையில் மட்டும் முளைத்ததா?

கணக்குப்பிள்ளை

இவ்வளவு சுற்றுவானேன்? ஆலையில் ஓடும் கோனின் சாய்வு 5 டிகிரி 57 நிமிடம். "கோனின் சாய்வுக்கு ஏற்றதாக" என்பதை எடுத்துவிட்டு அந்த எண்ணைப் போடுங்கள். எண்ணை விடத் தெளிவு ஏது?

பழைய ஸ்பின்னிங் மாஸ்டர்

தம்பி, எண் தெளிவுதான், ஆனால் கழுத்தை நெரிக்கும். 5 டிகிரி 57 நிமிடம் எங்கும் பார்க்கிற அளவு, உண்மை. 4 டிகிரி 20 நிமிடம், 3 டிகிரி 30 நிமிடம், 9 டிகிரி 15 நிமிடம் என்றும் கோன்கள் ஓடுகின்றன. அந்த எண்ணை முதல் கோரிக்கையில் எழுதிவிட்டால், பக்கத்து ஊர்க்காரர் 4 டிகிரி 20 நிமிடக் கோனுக்கு இதே கருவியைச் செய்து விற்பார். பட்டறைக்காரர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

கருவியைப் பற்றி எனக்கும் ஒரு கேள்வி. கோன் தன் அடியில் நிற்கும்போது குறுகிய வாய் மேலே இருக்கும். விரல்கள் உள்ளே போய் விரிந்தபின் தூக்கினால், குறுகும் பக்கம் நோக்கி விரல்கள் இறுகும். கோனின் எடையே பிடியை இறுக்கிவிடும். நல்ல யோசனைதான். ஆனால் அந்த இறுக்கத்தில் காகிதக் கூடு உள்பக்கம் உரிந்து வருமே? ஈரப்பதம் கூடிய நாளில் கூட்டின் உள்தாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நகம் பட்டாலே எழும்பி வரும். உரிந்த கோன் அடுத்த ஆலையில் கோன்களை மாட்டும் கிரீல் சட்டத்தில் சரியாக உட்காராது. அதை எப்படிச் சமாளித்தீர்கள்?

உடுமலைப் பட்டறை

மாஸ்டர் ஐயா சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். முதலில் செய்த மாதிரியில் உள்தாள் கிழிந்தது.

அமைப்பு இதுதான். உடல் ஒரு குட்டையான குழாய். அதன் கீழ்முனையில் மூன்று விரல்கள் ஊசிகளில் தொங்குகின்றன. குழாயின் நடுவே ஒரு தண்டு மேலும் கீழும் போகும். தண்டின் அடியில் கீழ்நோக்கி அகலும் ஓர் ஆப்பு. கைப்பிடியைத் தூக்கினால் தண்டு மேலே வரும், ஆப்பின் அகன்ற பகுதி விரல்களுக்கு நடுவே ஏறி அவற்றை வெளியே தள்ளும். தண்டில் உடலுக்கும் ஆப்புக்கும் நடுவே ஒரு வளையம் இருக்கிறது. வளையம் உடலின் அடியில் முட்டியதும் ஆப்பு அதற்கு மேல் ஏறாது. விரல்கள் அதற்கு மேல் விரியாது. வளையத்தைத் திருகி இடம் மாற்றலாம். கோனைக் கீழே வைத்துக் கைப்பிடியை அழுத்தினால் ஆப்பு இறங்கும், ஸ்பிரிங் விரல்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். இவ்வளவும் விவரக்குறிப்பில் இருக்கிறது. வளையம் இல்லாவிட்டால் காகிதம் கிழியும் என்றும் எழுதியிருக்கிறேன்.

நெம்புகோல் படம் 5-இல் இருக்கிறது. கைப்பிடிக்குப் பதில் நெம்புகோலால் தண்டை இழுக்கும் இன்னொரு வடிவம் அது; விவரித்தும் இருக்கிறேன். சாய்வைப் பொறுத்தவரை 5 டிகிரி 57 நிமிடத்தை ஓர் உதாரணமாகக் குறிப்பிட்டிருக்கிறேன்.

இன்னொன்று. ஒவ்வொரு விரலின் உட்பக்கத்திலும் ஒரு நீள்பள்ளம் உண்டு. ஆப்பு அதில்தான் ஓடும். விரல் பக்கவாட்டில் திருகிக்கொள்ளாமல் இருப்பது அந்தப் பள்ளத்தால்தான். படம் 3-இல் அது தெளிவாகத் தெரிகிறது. எழுத்தில் ஒரு வரி கூட இல்லை. இப்போது சேர்க்கலாமா?

சட்டக் கல்லூரி மாணவி

பள்ளத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மூத்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். திருத்தத்துக்குக் கடிவாளம் பிரிவு 59. திருத்தம் என்பது கோரியதில் ஒரு பகுதியைக் கைவிடுதல், பிழைதிருத்தம், விளக்கம் ஆகிய வழிகளில்தான் இருக்க வேண்டும். திருத்தத்துக்கு முன்பிருந்த விவரக்குறிப்பில் சாராம்சமாக வெளிப்படுத்தப்படாத, காட்டப்படாத எதையும் புதிதாகக் கோரவோ விவரிக்கவோ கூடாது. திருத்திய கோரிக்கை பழைய கோரிக்கை ஒன்றின் எல்லைக்குள் முழுமையாக அடங்க வேண்டும்.

"காட்டப்படாத" என்ற சொல் உங்களுக்கு உதவும். பிரிவு 10(2)-இன்படி, காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் வேறுவிதமாக உத்தரவிட்டால் தவிர, படங்களும் விவரக்குறிப்பின் பகுதியாகவே கருதப்படும். எனவே பள்ளம் இருக்கிறது, ஆப்பு அதில் பொருந்தியிருக்கிறது என்பது வரை படம் 3-ஐக் காட்டி வாதிடலாம். பள்ளத்தின் ஆழம், அதன் பரப்பு வழுவழுப்பானது என்பதெல்லாம் படத்தில் தெரியாதவை. அங்கே கை வைக்காதீர்கள்.

"ஏறக்குறைய" என்ற சொல்லே தீண்டத்தகாதது என்று நினைக்கவும் வேண்டாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாட்டிலஸ் எதிர் பயோசிக் வழக்கில் 2014-இல் கேட்டது, துறை அறிந்தவருக்குக் கோரிக்கையின் எல்லை நியாயமான உறுதியுடன் தெரிய வேண்டும் என்றுதான். முழுத் துல்லியம் கேட்கவில்லை. அது இந்தியாவைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் அந்தத் தர்க்கம் பயன்படும்.

வரைவு மேசை

அந்தப் பெண் சொன்னது சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: "ஏறக்குறைய" ஒரு தட்டையான பரப்பைச் சொல்லும்போது வந்தால் பெரும்பாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். பழைய கருவியிலிருந்து உங்கள் கருவியைப் பிரிக்கும் இடத்தில் வந்தால் கட்டாயம் அடிபடும். உங்கள் கோரிக்கையில் அது விரிப்பைச் சொல்லும் இடத்தில் வருகிறது. அங்கே அதற்கு வேலையே இல்லை. வெளியே விரிகிறது என்றால் விரிகிறது.

இப்போது உங்கள் கருவியின் உயிர் எது என்று பார்ப்போம். ஆப்பு வைத்து விரல் விரிப்பது பழையது. சர்வதேசக் காப்புரிமை வகைப்பாட்டில் பற்றுத் தலைகளுக்கான பி25ஜே 15 வகுப்பில் தேடினால் கட்டுக்கட்டாக வரும். நூல் கட்டுகளைக் கையாள்வது பி65எச் 67-இல் வரும். அதையும் பார்த்துவிடுங்கள், ஆய்வாளர் விசாரணையின்போது அங்கிருந்து எதையாவது எடுத்து வரலாம். நீங்கள் சொன்னதில் என் கண்ணுக்குப் பட்டது வளையம். எடையால் தானே இறுகும் பிடியை ஓர் இடத்தில் நிறுத்துகிறது. "சேதமின்றி" என்று நீங்கள் ஊதி எழுதியது அந்த வளையத்தைத்தான். குழாய்க் கருவியில் அப்படி ஒரு நிறுத்தம் இருக்கிறதா என்று மேற்கோள் ஆவணத்தை வரிவரியாகப் படியுங்கள். இல்லையென்றால் இப்படி எழுதலாம்:

"1. நூல் கோனை அதன் உட்புறத்திலிருந்து பற்றித் தூக்குவதற்கான கருவி (1); அது, ஓர் உடல் (2); அவ்வுடலின் கீழ்முனையில் ஊசிகளால் சுழலும்படி தொங்கும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட விரல்கள் (3); அவ்வுடலின் ஊடே நீள்வாட்டில் நகரும் ஒரு தண்டு (4); அத்தண்டின் கீழ்முனையில் அமைந்து, கீழ்நோக்கி அகன்று, அவ்விரல்களின் உட்பரப்புகளைத் தொடும் ஓர் ஆப்பு (5); அத்தண்டின் மேல் அவ்வுடலுக்கும் அவ்வாப்புக்கும் இடையே பொருத்தப்பட்ட ஒரு தடுப்பு வளையம் (9) ஆகியவற்றைக் கொண்டது; அத்தண்டு மேலே நகரும்போது அவ்வாப்பு அவ்விரல்களை வெளிப்புறமாக விரிக்கிறது; அத்தடுப்பு வளையம் அவ்வுடலின் கீழ்ப்பரப்பில் முட்டும்போது அந்நகர்வு நிற்கிறது."

தண்டை இழுப்பது எது என்று வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. கைப்பிடி தண்டோடு இணைந்த வடிவம் கோரிக்கை 2. கோரிக்கை 3-இல் "அந்த நெம்புகோல்" என்று தொடங்காமல், "உடலில் சுழலும்படி பொருத்தப்பட்டு, ஒரு முனை தண்டுடன் இணைந்த ஒரு நெம்புகோலையும் கொண்ட" என்று அதை முதலில் அறிமுகப்படுத்துங்கள். அறிமுகமாகாத ஆளை "அவர்" என்று சொன்னால் யார் என்று கேட்கத்தான் செய்வார்கள். வளையத்தைத் திருகி இடம் மாற்றுவது கோரிக்கை 4, விரல்களை உள்ளே இழுக்கும் ஸ்பிரிங் 5, பள்ளம் 6. கணக்குப்பிள்ளையின் 5 டிகிரி 57 நிமிடம் 7; விவரக்குறிப்பில் உதாரணமாக இருப்பதால், முதல் கோரிக்கையைச் சார்ந்து நிற்கும் சார்புக் கோரிக்கையாக உட்காரும். அந்த எண் விவரக்குறிப்பில் இல்லாதிருந்தால் அங்கேயும் இடம் கிடையாது. பத்துக்குள் நிற்பதால் கூடுதல் கோரிக்கைக் கட்டணமும் வராது.

"கோனின் சாய்வுக்கு ஏற்றதாக" என்பதைப் பொறுத்தவரை, கோன் உங்கள் கருவியின் உறுப்பு அல்ல. வெளியே இருக்கிற, அளவுக்கு அளவு மாறுகிற ஒரு பொருளை வைத்துக் கருவியை அளந்தால் தெளிவு எங்கிருந்து வரும்? ஆனால் அதை அப்படியே தூக்கி எறிந்தால், பழைய கோரிக்கையின் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று பிரிவு 59-இல் பிடிப்பார்கள். விரல்களின் வெளிப்பரப்பு கீழ்நோக்கி அகலும் சாய்வு கொண்டது என்று விவரக்குறிப்பில் இருந்தால், விரிந்த நிலையில் அப்படி இருக்கும் என்று விரல்களைப் பற்றிய வரியாகவே முதல் கோரிக்கையில் சேர்த்துவிடுங்கள்.

உடுமலைப் பட்டறை

இருக்கிறது ஐயா, நான்காம் பக்கத்தில் அதே சொற்களில் இருக்கிறது. மனம் நிறைந்த நன்றி. ஒரு தயக்கம் மட்டும்: வளையத்தை முதல் கோரிக்கையிலேயே வைத்துவிட்டால், வளையம் இல்லாமல் செய்து விற்பவரைத் தடுக்க முடியாதே?

வரைவு மேசை

முடியாது. ஆனால் வளையம் இல்லாத கோரிக்கை உங்களுக்குக் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. குழாய்க் கருவி எதிரே நிற்கிறது.

பழைய ஸ்பின்னிங் மாஸ்டர்

வளையம் இல்லாமல் விற்கட்டுமே. காகிதம் கிழிகிற கருவியை எந்த ஆலைக்காரர் இரண்டாம் முறை வாங்குவார்?

சட்டக் கல்லூரி மாணவி

தாக்கல் செய்யும்போது கவனிக்க வேண்டியவை. ஆய்வறிக்கை வெளியான தேதியிலிருந்து ஆறு மாதம். மூன்று மாத நீட்டிப்புக்குப் படிவம் 4 உண்டு. ஆனால் அதையும் அந்த ஆறு மாதத்துக்குள் கேட்டுவிடுங்கள். எதுவும் செய்யாமல் விட்டால் பிரிவு 21-இன்கீழ் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கொள்ளப்படும். காப்புரிமை விதிகளில் விதி 14-இன்படி திருத்திய பக்கங்களை மறுபடி தட்டச்சு செய்து தர வேண்டும். கூடவே மாற்றங்கள் குறிக்கப்பட்ட ஒரு பிரதி, எந்தப் பக்கம் எந்த வரி ஏன் மாறுகிறது என்ற அறிக்கை. பள்ளத்துக்கு எதிரே "படம் 3" என்று அந்த அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள். எங்கிருந்து வந்தது என்று ஆய்வாளர் தேட வேண்டியிருக்காது.

உடுமலைப் பட்டறை

"வளையம்", "தடுப்பான்" குழப்பத்தைக் கோரிக்கையில் மட்டும் சரிசெய்தால் போதுமா, விவரிப்பிலும் மாற்ற வேண்டுமா?

வரைவு மேசை

விவரிப்பிலும் மாற்றுங்கள். எங்கெல்லாம் "தடுப்பான்" வருகிறதோ அங்கெல்லாம் "தடுப்பு வளையம் (9)". இரண்டு இடத்திலும் 9 என்ற எண் இருந்தால் அது பிழைதிருத்தம் என்று எளிதில் நிறுவலாம். எண் மாறியிருந்தால் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு இங்கே சொல்லுங்கள்.

உடுமலைப் பட்டறை

பார்த்துவிட்டேன். இரண்டிலும் 9 தான்.