தலைப்பெருக்கியா, முன்பெருக்கியா? அலைவருடிக்கான கலைச்சொல் குறித்து

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அலைவருடிக்கு (அலைவரிசைகளை வருடிக் கேட்கும் வானலை ஏற்பி, அதாவது ரேடியோ ஸ்கேனர்) வாங்கும் சிறு பெருக்கியைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஓசூர் நண்பர் தொடங்கிய இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன. நண்பர் பரிந்துரைத்தது ‘முன்பெருக்கி’. பென்னாகரத்து ஆசிரியர் ஐயா ‘குறையிரைச்சல் பெருக்கி’ என்றார். கடைத்தெருவில் எல்லோர் வாயிலும் புழங்கும் ‘பூஸ்டர்’ என்பதையே வைத்துக்கொண்டால் என்ன என்று தருமபுரி அன்பர் கேட்டார். மூன்றையும் எடைபோட்ட பிறகு நான்காவதாக ஒரு சொல்லை முன்வைக்க விரும்புகிறேன்: தலைப்பெருக்கி.

முதலில் ‘பூஸ்டர்’. தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலத்தில் நம் மாவட்டங்களின் மொட்டைமாடிகளில் உயரமான கம்பமும் அதில் ஆன்டெனாவும் பூஸ்டரும் இருந்ததை நடுத்தர வயதைத் தாண்டிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சொல்லின் மீது எனக்கு வெறுப்பு இல்லை. ஆனால் அது வலிமையை மட்டுமே பேசுகிறது. குறிகை (சிக்னல்) வலிமை குறைவாக இருக்கிறது, அதைக் கூட்டினால் தெளிவாகக் கேட்கும் என்ற எண்ணத்தை அது வாங்குபவர் மனத்தில் விதைத்துவிடுகிறது. பெருக்கி குறிகையோடு சேர்த்து இரைச்சலையும் அதே அளவுக்குப் பெருக்குகிறது. தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலையும் சேர்க்கிறது. எனவே நாம் பார்க்க வேண்டியது குறிகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் கடைசியில் என்னவாகிறது என்பதைத்தான். இருபது டெசிபல் (நூறு மடங்கு பெருக்கும்) பூஸ்டரை விட முப்பது டெசிபல் (ஆயிரம் மடங்கு) பூஸ்டர் மேல் என்று கடையில் சொல்லி விற்பதற்கு அந்தச் சொல்லே இடம் கொடுக்கிறது.

‘முன்பெருக்கி’ இதைவிட நல்ல சொல். ஆனால் எதற்கு முன் என்பதை அது சொல்லவில்லை. ஓசூர் நண்பரின் மடலிலேயே இந்தச் சிக்கல் தெரிகிறது. அவர் எழுதியது: “ஏற்பிக்கு முன் வைப்பதால் முன்பெருக்கி, ஆகவே மேசையில் அலைவருடியை ஒட்டியே பொருத்திவிட்டேன்.” அவர் சொல்லைப் பிடித்துக்கொண்டு நேர்மையாக நடந்திருக்கிறார், சொல்தான் அவரைத் தவறான இடத்துக்குக் கூட்டிச் சென்றது.

அது ஏன் தவறான இடம் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அடுக்கடுக்காக அமைந்த கருவிகளின் மொத்த இரைச்சலைக் கணக்கிட ஹரால்டு ஃப்ரீஸ் 1944இல் வெளியிட்ட சமன்பாடு இன்றும் நமக்குப் போதுமானது. பின்னால் வரும் ஒவ்வொரு நிலையின் இரைச்சலும் அதற்கு முன்னால் உள்ள பெருக்கத்தால் வகுபட்டுச் சிறுத்துப்போகும் என்பதே அதன் சாரம். மாடிக் கம்பத்திலிருந்து கீழ்த்தள அறை வரை முப்பது மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 145 மெகாஹெர்ட்ஸில் அந்த நீளத்துக்கு ஏறக்குறைய 6 டெசிபல் இழப்பு, அதாவது மேலே கிடைத்த ஆற்றலில் கால் பங்குதான் கீழே வந்து சேர்கிறது. அலைவருடியின் இரைச்சல் எண் (கருவி தானாகச் சேர்க்கும் இரைச்சலின் அளவு, குறைந்தால் நல்லது) 4 டெசிபல் என்று கொண்டால், பெருக்கியே இல்லாதபோது மொத்தம் 10 டெசிபல். இப்போது 20 டெசிபல் பெருக்கமும் 1 டெசிபல் இரைச்சல் எண்ணும் கொண்ட பெருக்கியை மேசையில், அலைவருடியை ஒட்டி வைத்தால் மொத்தம் ஏறக்குறைய 7.1 டெசிபல். அதே பெருக்கியைக் கம்பத்தின் மேல், ஆன்டெனாவின் காலடியில் கட்டினால் 1.3 டெசிபல். காசும் கருவியும் ஒன்றே. வைத்த இடம் மட்டும்தான் மாறியது.

இந்த வேறுபாட்டைச் சொல்லும் சொல்தான் நமக்கு வேண்டும். கிருஷ்ணகிரி அணைப் பாசனத்தில் பயிர் வைப்பவர்களுக்குத் தலைமடை, கடைமடை என்றால் விளக்கத் தேவையில்லை. தலைமடையில் கலங்கிய நீரைக் கடைமடையில் எவராலும் தெளியவைக்க முடியாது. கேபிளில் இழந்த குறிகையும் அப்படித்தான்; அதைக் கீழே எவ்வளவு பெருக்கினாலும் இழந்த விகிதம் திரும்பாது. தலைவாசல், தலைப்பிள்ளை என்று தொடக்கத்தில் இருப்பதைத் தமிழ் ‘தலை’ என்றே சொல்லி வந்திருக்கிறது. கம்பத்தின் உச்சியும் தலைதான். இரண்டு பொருளும் இங்கே ஒன்றாக அமைவதால் ‘தலைப்பெருக்கி’ என்றேன்.

இதற்கு எதிராக ஆசிரியர் ஐயா தனி மடலில் கேட்டதற்கும் இங்கேயே பதில் எழுதுகிறேன். ‘தலை’ என்றால் முதன்மையானது என்ற பொருளும் உண்டே, ஒலிபெருக்கிக்கு ஆற்றல் தரும் பெரிய பெருக்கியை இது குறிப்பதாக எண்ணிவிட மாட்டார்களா என்றார்கள். நியாயமான ஐயம். ஆனால் ஐயா, அதை நாம் ‘ஆற்றல் பெருக்கி’ என்று ஏற்கெனவே வழங்குகிறோம். குழப்பம் வராது என்று நம்புகிறேன். உங்கள் ‘குறையிரைச்சல் பெருக்கி’ என்பதையும் நான் தள்ளவில்லை. அது ஒரு தன்மையின் பெயர். தலைப்பெருக்கி ஒரு பணியின் பெயர். தலைப்பெருக்கியாக வைக்கத் தகுந்தது குறையிரைச்சல் பெருக்கி என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் சொல்ல முடிகிறது. ‘முன்பெருக்கி’ ஒலித்துறையில், மைக்குக்கும் ஆற்றல் பெருக்கிக்கும் நடுவில் நிற்கும் கருவிக்கே இருக்கட்டும். ‘மிகைப்பி’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பள்ளிப் பாடநூல் வழியாகப் ‘பெருக்கி’ நிலைத்துவிட்டதால் அதை மாற்றத் தேவையில்லை.

இனி, தலைப்பெருக்கி எல்லோருக்கும் வேண்டுமா என்பது. வேண்டாம் என்பதே பல வீடுகளுக்குச் சரியான விடை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.372 பரிந்துரையில் மனிதர் உண்டாக்கும் வானலை இரைச்சலுக்குத் தந்திருக்கும் இடைநிலை அளவுகளை 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்டால், குடியிருப்புப் பகுதியில் 12.6 டெசிபலும் ஊர்ப்புறத்தில் 7.3 டெசிபலும் வருகின்றன. எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர், மோட்டார் எல்லாம் சேர்ந்த இரைச்சல் அது. ஆன்டெனாவே அதை உள்ளே கொண்டுவந்துவிடுவதால் எந்தப் பெருக்கியாலும் அதை நீக்க முடியாது. மேலே சொன்ன அதே ஏற்பாட்டில் கிருஷ்ணகிரி நகருக்குள் தலைப்பெருக்கி தரும் ஆதாயம் 1.7 டெசிபல் அளவுதான்; காவேரிப்பட்டணத்தைத் தாண்டி வயலுக்கு நடுவில் வீடு இருந்தால் 4 டெசிபல் வரை கிடைக்கும். இரைச்சல் எண் 0.5 உள்ளதை வாங்குவதா, 1 உள்ளதை வாங்குவதா என்று நகரத்தில் இருப்பவர் தலையை உடைத்துக்கொள்வதில் பயனில்லை. 1090 மெகாஹெர்ட்ஸில் விமானங்கள் அனுப்பும் குறிகையைப் பிடிப்பவருக்கோ நிலைமை நேர்மாறு: அங்கே வெளி இரைச்சல் குறைவு, கேபிள் இழப்பு மிக அதிகம், தலைப்பெருக்கி இருந்தால்தான் தொலைவு கிடைக்கும்.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். அலைவருடியில் ஆன்டெனாக் கேபிளைக் கழற்றிவிட்டு அதற்குப் பதில் 50 ஓம் முடிப்பானை (வெளிக் குறிகை எதையும் உள்ளே விடாத மின்தடை மூடி) திருகுங்கள். குறிகை எதுவும் இல்லாத ஓர் அலைவரிசையில் திரையின் அடிமட்டக் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு கேபிளைத் திரும்ப மாட்டுங்கள். கோடு தெளிவாக மேலே ஏறினால் உங்கள் கருவி வெளி இரைச்சலை ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறது. தலைப்பெருக்கி அதிகம் உதவாது. அசையாமல் அங்கேயே நின்றால் வாங்கலாம். அதற்கும் முன்னால் ஆர்ஜி-58ஐ எடுத்துவிட்டுக் கேபிள் டிவிக்காரர்கள் இழுக்கும் ஆர்ஜி-6ஐப் போட்டுப் பாருங்கள். அலைவருடி 50 ஓமுக்கானது, இது 75 ஓம் கேபிளாயிற்றே என்று தயங்க வேண்டாம். பொருத்தமின்மையால் வரும் இழப்பு ஓர் இணைப்புக்கு 0.2 டெசிபலைக் கூடத் தொடாது, கேபிள் இழப்போ பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

‘ஓவர்லோடு’ என்பதற்குத் ‘திணறல்’ என்ற சொல்லையும் இதே இழையில் ஏற்றுக்கொள்ளக் கோருகிறேன். யுஎஸ்பி அலைவருடிகளில் பல 8 பிட் மட்டுமே உள்ளவை, அதாவது வலிய குறிகையையும் மெலிந்த குறிகையையும் ஒருசேரத் தாங்கும் இடம் அவற்றில் குறைவு. தலைப்பெருக்கி 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பண்பலை ஒலிபரப்பையும் நூறு மடங்காக்கித் தள்ளும்போது அவை திணறி, இல்லாத இடங்களில் போலிக் குறிகைகளைக் காட்டும். ஓசூரில் பெங்களூருப் பண்பலை நிலையங்களும் சேர்ந்து வருவதால் அங்கே இது கூடுதல் தொல்லை. பண்பலைத் தடுப்பு வடிப்பியை (ஃபில்டர்) தலைப்பெருக்கிக்குப் பின்னால் வைத்தால் அதன் இழப்பு இரைச்சல் எண்ணை அதிகம் பாதிக்காது; ஒலிபரப்புக் கோபுரம் மிக அருகில் இருந்து பெருக்கியே திணறினால் மட்டும் முன்னால் வைத்துச் சிறிது இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் எஸ்பிஎஃப்5189இசட் சில்லு, 900 மெகாஹெர்ட்ஸில் 0.6 டெசிபல் இரைச்சல் எண்ணும், எளிதில் திணறாத தாங்குதிறனும் கொண்டது. என் தேர்வு அதுதான். பெருக்க எண்ணை மட்டும் பெரிதாக அச்சிட்டு இரைச்சல் எண்ணை எங்குமே சொல்லாத பெட்டிகளை நான் வாங்கமாட்டேன்.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு இது. தலைப்பெருக்கி: கேபிள் இழப்பு நேர்வதற்கு முன், ஆன்டெனாவை ஒட்டி அமைக்கப்படும் குறையிரைச்சல் பெருக்கி. அதற்கான மின்சாரத்தைக் கேபிள் வழியாகவே மேலே அனுப்பும் சிறு இணைப்பிக்குக் ‘கம்பிவழி மின்னூட்டி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அது நீளமாக இருக்கிறது. ஓசூர் நண்பரே, பெருக்கியைக் கம்பத்தில் ஏற்றும்போது அந்த இணைப்பியும் உங்கள் கையில் இருக்கும். இதைவிடச் சுருக்கமான சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து